பனியில் அலறிய வேன்

தை மாதம், செவ்வாய் இரவு. கடப்பாக்கம்.

கடற்கரையில் நிறுத்தியிருக்கும், உள்ளேயே சமைத்துத் தூங்கும் வாடகை கேம்பர் வேனில் ஒரு புகை அலாரம். கடுகு வெடித்தாலே கொலை விழுந்ததுபோல் கத்தும். "உங்க சமையலைப் பத்தி அதுக்காவது தெரியுதே" என்பாள் என் மனைவி சரளா.

இன்று காலை கடலையே மறைத்துவிட்ட பனி. சட்னிக்கு மிளகாய் வறுத்தேன், அலாரம் அலறியது. துண்டை வீசி அடக்கிக்கொண்டிருந்தபோது யாரோ கதவைத் தட்டினார்கள். திட்டு வாங்கத் தயாராகித் திறந்தேன். மீன்காரப் பெண் ஒருத்தி, காதில் போனோடு நின்றாள்.

"அண்ணாத்த, அத்த நிறுத்தாத! என் வூட்டுக்காரு படகு பனில மாட்டிகினு கீது. கரை எந்தப் பக்கம்னே தெரியலயாம். தண்ணில கெடக்குற இடிஞ்ச கோட்டைக் கல்லுல மோதுனா போச்சு. இந்த சத்தம் மட்டும் கேக்குதாம்!"

கதவைத் திறந்துபோட்டோம். சரளா வாணலியை அலாரத்துக்கு நேர் கீழே பிடித்தாள். நான் மிளகாயை அள்ளி அள்ளிப் போட்டேன். இருமி இருமிக் கண்ணில் நீர் கொட்டியது. இருந்த மிளகாயெல்லாம் தீரப்போன நேரத்தில், வெள்ளைக்குள்ளிருந்து ஒரு படகின் மூக்கு சத்தமில்லாமல் வெளியே வந்தது. என்ஜினை அணைத்துவிட்டு, அலறலைக் காதால் பிடித்துக்கொண்டே துடுப்பு போட்டிருக்கிறார் மனிதர்.

மீன்காரப் பெண் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிப்போய் அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அவர் மூக்கைச் சுளித்தார். "இன்னாமே இது, இப்டி நெடி?"

என் சமையலை நம்பி இதுவரை யாரும் கரை சேர்ந்ததில்லை. இதைச் சொல்லிச் சிரிக்கத்தான் பேனாவை எடுத்தேன். சிரிப்பு வரவில்லை. கண்ணை மூடினால் அந்தப் படகின் மூக்கு வந்துகொண்டே இருக்கிறது.