தறி ஓடும்போது வேண்டாம்

ஐப்பசி, செவ்வாய்க்கிழமை.

நானும் என் நண்பன் ஜெபாவும் சேர்ந்து எழுதிய ஓப்பன் சோர்ஸ் எழுத்துரு மென்பொருளை விண்டோஸில் பில்ட் பண்ணும், அதாவது நிரலை ஓடும் மென்பொருளாக்கும், வழிகாட்டியை இன்று திருத்த உட்கார்ந்தேன். நாலாவது படி ஜெபா எழுதியது: "பக்கத்தில் தறி ஓடும்போது தொடங்க வேண்டாம்." தறிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் என்று சென்னையிலிருந்து யாரோ கேட்டிருக்கிறார்கள். நல்ல கேள்விதான். நாங்கள் இதை எழுதிய காலத்தில் பக்கத்து வீட்டில் விசைத்தறி போட்டதும் வோல்டேஜ் இறங்கி, கம்ப்யூட்டர் பாதியில் அணைந்துவிடும். தறி நிற்கிற வரைக்கும் ரெண்டு பேரும் கதை பேசிக்கொண்டிருப்போம்.

இன்று தறிச் சத்தத்துக்கு நடுவிலேயே லேப்டாப்பில் பில்ட்டை ஓட்டினேன். நாலே நிமிஷத்தில் முடிந்துவிட்டது. காத்திருக்க வேலையே இல்லாதது எரிச்சலாக இருந்தது. பெங்களூரில் இருக்கும் ஜெபாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"அந்த வரிய எடுத்துருலே" என்றான். அப்புறம் மெதுவாக, "இப்ப தறி ஓடுதா? போனை ஜன்னல்கிட்ட வையி."

ஜன்னலில் வைத்தேன். ரொம்ப நேரம் அவன் போனை வைக்கவே இல்லை.