ஏறாத ரத்தம்

மார்ச் 4, செவ்வாய்
இன்றும் டிப்போவில் தொலைந்த பொருள் அறை. பஸ் ஓட்டிய கைக்குக் குடைகளைக் காவல் காக்கும் வேலை. வண்டியைக் கிளப்பும் முன் மயங்கி விழுந்தது ஒரே தடவைதான். ரத்தத்தில் இரும்புச்சத்து ஏறினால்தான் மறுபடி பஸ் என்கிறார் மேலாளர்.

எனக்குச் சீலியாக் நோய். கோதுமை உள்ளே போனால் குடல் புண்ணாகும். புண்ணான குடல் இரும்பை உறிஞ்சாது. அதனால் தினமும் கீரை, பயறு, ஈரல். டிப்போவில் என் பெயரே ‘கீரைக்காரி’ ஆகிவிட்டது. சிரித்துத் தொலைக்கிறேன்.

மார்ச் 19
சாப்பாட்டோடு டீ குடித்தால் இரும்பு உடம்பில் ஒட்டாதாம். டீயையும் விட்டாயிற்று. மண்டை பிளக்கிறது.

ஏப்ரல் 7
ரிசல்ட். போன முறையைவிடக் குறைவு! "ஒளிச்சு ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்கிறார் டாக்டரம்மா. பற்றிக்கொண்டு வந்தது. பேக்கரி இருக்கிற தெருவையே தவிர்த்துச் சுற்றிக்கொண்டு போகிறவள் நான். இன்னும் என்னதான் செய்யட்டும்? ஆணியைக் கடித்துத் தின்னவா? அடுத்த ரிசல்ட்டும் இப்படியே வந்தால் காலத்துக்கும் குடைதான்.

ஏப்ரல் 8
எழுதப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு
அக்கா வீட்டுக்குச் சொல்லாமல் போனேன். எனக்கு ஈரல் வறுத்துக் கொடுத்தனுப்புகிறவள் அவள்தான். எனக்கென்று தனி வாணலி, தனிக் கரண்டி. ஈரல் துண்டுகளை வெள்ளை மாவில் புரட்டிக்கொண்டிருந்தாள். அது அரிசி மாவு என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

"என்ன மாவுக்கா அது?"

"மைதாடி. மொறுமொறுன்னு வரும். நீ கோதுமைதானே கூடாதுன்னே?"

"மைதாவே கோதுமைதான்க்கா!"

"இது வெள்ளையா இருக்கே…"

கத்திவிட்டேன். "என் பொழப்பக் கெடுத்ததே நீதான்" என்றுகூடச் சொல்லிவிட்டேன். அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றாள்.

சொல்லியிருக்கக் கூடாது. ஆனா மாசக்கணக்கா தின்னிருக்கேனே! நானும் கோதுமை, கோதுமைன்னே சொல்லிட்டு இருந்திருக்கேன். மைதான்னு ஒரு தடவை வாயில வரலையே — ஏன்?

மே 2
அக்கா போன் செய்யவில்லை. நானும் செய்யவில்லை. ஈரலை நானே வறுக்கிறேன். செருப்புத் தோல் மாதிரி வருகிறது. தின்கிறேன்.

ஜூன் 16
ஏறியிருக்கிறது! கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏறுமாம். மேலாளர் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

ஜூன் 18, புதன்
காலை வண்டி. சந்தை நிறுத்தத்தில் காய்கறிப் பையோடு அக்கா ஏறினாள். ஓட்டுநர் இருக்கையில் என்னைப் பார்த்ததும் படியிலேயே நின்றுவிட்டாள்.

"உள்ள வாக்கா, பின்னால ஆள் நிக்கிறாங்க."

எனக்கு நேர் பின்னால் உட்கார்ந்தாள். அவள் வீட்டு நிறுத்தம் வந்ததும் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தேன். இறங்கவில்லை. கடைசி நிறுத்தம் வரைக்கும் வந்தாள்.