எந்த சில்வியா மாக்கி?

அக்டோபர் 21, திங்கள்

வேட்டை தொடங்குவதற்கு முந்தைய நாள் கடைசி மணி அடிக்குமுன் என் வகுப்பில் யாராவது ஒரு பிள்ளை தவறாமல் கேட்கும்: "டீச்சர், நாளைக்கு நீங்க எந்த மரத்தடியில உட்காருவீங்க?" நவம்பர் பதினைந்து எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடத்துக்கே விடுமுறை. மான் வேட்டைக்கென்றே விடுகிற விடுமுறை அது. "வீட்டு மேஜையில, உங்க பரீட்சைத் தாளோட" என்பேன். பிள்ளைகள் பாவம் பார்த்துச் சிரிக்கும்.

இப்போது ஓய்வு பெற்றாகிவிட்டது. திருத்த ஒரு தாளும் இல்லை. இன்று தபால் நிலைய வாசலில் ஓன்னி என்னைப் பிடித்துக்கொண்டான். ஒன்றாம் வகுப்பிலிருந்து தெரிந்தவன், அவனுக்கென்ன 'அவர்'.

"சில்வியா, இந்த வருஷம் எங்க கேம்புக்கு வாயேன். தம்பிக்கு முழங்கால் போச்சு. தேவதாரு மூலை காலியா கெடக்கு."

கேம்ப் என்பது காட்டுக்குள் அவர்கள் குடும்பத்து மரவீடு. தேவதாரு மூலை என்பது அங்கே மான் கடக்கும் நல்ல இடம், அதைக் காத்து உட்காரப் பலகைத் தடுப்பு ஒன்று உண்டு. எனக்குத் தலைகால் புரியவில்லை. சரி என்று சொல்லிவிட்டேன். உடனே அவன் சொன்னான்: "எங்க சட்டம் தெரியுமில்ல? சொந்தத் துப்பாக்கி இல்லாதவங்க சமையல். இரவல் செல்லாது. ஆனா உனக்கென்ன, நீதான் நல்லா சமைப்பியே."

ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான சட்டமாம். பொதுச் சட்டம் எப்படி எப்போதும் பெண்கள் கையிலேயே கரண்டியைக் கொடுக்கிறது? அவன் மனைவி இர்யா சாகும்வரை அந்தக் காட்டில் பார்த்தது அடுப்பை மட்டும்தான்.

துப்பாக்கி வாங்கப் போகிறேன். அறுபத்தேழு வயதில்!

அக்டோபர் 25, வெள்ளி

வேட்டைக்காரர் சங்கத் திடலில் இரவல் துப்பாக்கியோடு பயிற்சி. முதல் குண்டு எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. இருபதாவது குண்டு காகித மானின் காதில் பட்டது. கூட வந்த டைமி, என் பக்கத்து வீட்டுக்காரி, சொன்னாள்: "காதுல சுட்டா மான் செவிடாத்தான்டி போகும்." பிறகு மூன்று குண்டு மார்பிலேயே பட்டது. வீடு வரும்வரை இருவரும் பாடிக்கொண்டே வந்தோம்.

அக்டோபர் 30, புதன்

இந்த மாநிலத்தில் முன்பெல்லாம் வேட்டைத் துப்பாக்கியை ஆணி வாங்குவது போல வாங்கலாம். இப்போது முதலில் காவல் அலுவலகத்தில் அதற்கென்று உரிமம் பெற வேண்டும். டைமிக்குப் பொறுக்கவில்லை. "எதுக்குடி இந்தத் தொல்லை? காரை எடு, எல்லை தாண்டிப் பக்கத்து மாநிலம் விஸ்கான்சின்ல வாங்கிட்டு வந்துடலாம்."

அலுவலகத்துப் பெண் காதில் விழுந்துவிட்டது. "அங்க வாங்கினாலும் உங்க ஊர்ச் சட்டம் உங்க கூடவே வரும் பாட்டி" என்றாள்.

மாமியார் மாதிரி என்று டைமி முணுமுணுத்தாள். எனக்குச் சட்டத்தின் மேல் கோபம் இல்லை. வகுப்பில் கத்தரிக்கோல் கொடுக்குமுன் பிள்ளையின் முகத்தை ஒரு தடவை பார்ப்பேன். இதுவும் அதுதான். உரிமம் கையில் வந்தது. 'பாட்டி'யைத்தான் மன்னிக்க முடியவில்லை.

நவம்பர் 4, திங்கள்

பெர்னி கொஸ்கெலாவின் கடை. என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன், இப்போது பாதித் தலை நரை. தோளை இடிக்காத சின்னத் துப்பாக்கி ஒன்றை எடுத்து வைத்திருந்தான். வால்நட் மரத்தில் அடிக்கட்டை, கன்னத்தோடு பொருந்தியது. காதலில் விழுந்துவிட்டேன்.

மத்திய அரசின் விண்ணப்பத்தை நிரப்பினேன். குற்றப் பதிவு ஏதும் உண்டா என்று பார்க்க பெர்னி அதைக் கணினியில் ஏற்றினான். "ஒரு நிமிஷம்தான் டீச்சர்" என்றான். அப்புறம் அவன் முகம் வீட்டுப்பாடம் மறந்த முகமாக மாறியது.

"தாமதம்னு வந்திருக்கு."

"அப்படின்னா?"

"இல்லைன்னு அர்த்தமில்ல, ஆமான்னும் இல்ல. இன்னும் தேடிப் பார்க்கணுங்கறாங்க. ஏன்னு சொல்ல மாட்டாங்க."

நானா? நூலகப் புத்தகத்தைக்கூட ஒரு நாள் முன்னாலேயே திருப்பிக் கொடுப்பவள் நானா?

பெர்னி தாளைப் புரட்டிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். "டீச்சர், சமூகப் பாதுகாப்பு எண்ணை ஏன் விட்டீங்க?"

"விருப்பமிருந்தா எழுதலாம்னு போட்டிருந்ததே."

"உங்களை உங்க பேர்க்காரங்ககிட்டயிருந்து பிரிச்சுக் காட்டறதே அந்த எண்தான்! இந்த ஊர்ல மாக்கின்னு கூப்பிட்டா மரங்கூடத் திரும்பும்."

உண்மை. மாக்கி என்றால் எங்கள் பாட்டன்மார் மொழியில் குன்று. கடல் தாண்டி வந்தவர்களில் குன்றுப் பக்கம் இருந்தவர்களெல்லாம் மாக்கி. எங்களூரில் மட்டும் மூன்று சில்வியா மாக்கி. நான் ஸ்கூல் சில்வியா. எண்ணை ஏன் விட்டேன்? இங்கே எல்லோரும் விடுவார்கள். கேட்டால் ஒழிய அரசாங்கத்துக்கு ஒரு சொல் அதிகம் கொடுக்காதே என்று தாய்ப்பாலோடு ஊட்டியிருக்கிறார்கள்.

நவம்பர் 5

பதில் இல்லை. நான் குற்றவாளியாக இருக்கலாம். பட்டாணி சூப் வைத்தேன்.

நவம்பர் 6, புதன்

பேக்கரியில் நுழைந்ததும் பேச்சு நின்றது. அப்புறம் டைமி மேஜையைத் தட்டினாள்: "இத்தனை வருஷம் பழகியிருக்கோம், என்கிட்ட மட்டும் சொல்லுடி. யாரைக் கொன்ன?"

"ரெண்டு பேரை" என்றேன். "ஒருத்தன் வாய்ப்பாடு சொல்லல. இன்னொருத்தன் ஓயாம பென்சில் சீவினான்."

சிரிப்பு அடங்கவே இல்லை. கடைக்காரர் காபிக்குக் காசு வாங்க மறுத்தார், பயமாக இருக்கிறதாம். இந்த ஊரில் என்னைப் பற்றி யாரும் ஒன்றும் பேசியதில்லை. பேச ஒன்றும் இருந்ததில்லை. இன்று எனக்கு ஓர் இருண்ட கடந்தகாலம் கிடைத்திருக்கிறது. வீட்டுக்கு நடந்து வரும்போது தொப்பியைக் கொஞ்சம் சாய்த்து வைத்துக்கொண்டேன்.

நவம்பர் 8, வெள்ளி

தேன் சில்வியா வந்தாள். தேனீ வளர்ப்பவள், என் பெயர்க்காரி. கையில் ஒரு பாட்டில் தேன், முகத்தில் குற்றவுணர்வு.

"டீச்சரம்மா, அது என்னாலதானோ? கல்யாணத்துக்கு முன்னாடி டுலூத்துல ஒரு டான்ஸுல, போலீஸ்காரர் ஒருத்தரோட தொப்பியை எடுத்துட்டு ஓடிட்டேன். பிடிச்சுட்டாங்க. ஒரு மணி நேரம் உள்ள வெச்சாங்க."

"தொப்பி?"

"அழகா இருந்தாரு." கொஞ்சம் யோசித்துவிட்டு, "தொப்பியும்தான்" என்றாள்.

ஓடையோரத்து மூன்றாவது சில்வியாவுக்கு வயது தொண்ணூறு. நேற்று அவளும் தொலைபேசியில் அழைத்து, தான் நிரபராதி என்று நான் கேட்காமலே சொன்னாள்.

நவம்பர் 9, சனி

சிரித்தது போதும். இன்று கொஞ்சம் வலித்தது.

மூன்று வேலை நாள் பதில் வராவிட்டால் கடைக்காரர் பொருளைக் கொடுத்துவிடலாம் என்று மத்தியச் சட்டம் சொல்கிறதாம். டைமிதான் எங்கோ கேட்டு வந்து சொன்னாள். ஓடினேன் கடைக்கு.

பெர்னி என் முகத்தைப் பார்க்காமல் பேசினான். "சட்டம் கொடுக்கலாம்னுதான் சொல்லுது டீச்சர், கொடுத்தே ஆகணும்னு சொல்லல. ஒரு தடவை கொடுத்தேன். நல்லாப் பேசற ஆளு. நாலு நாள் கழிச்சு, கூடாதுன்னு பதில் வந்துச்சு. அதிகாரிங்க போய்த் திரும்ப வாங்கறவரைக்கும் அவன் சம்சாரம் பிள்ளைங்களைக் கூட்டிட்டு அக்கா வீட்டுல ஒளிஞ்சிருந்தது. ஒண்ணும் ஆகல. ஆனா அந்த ராத்திரிங்க... அதுக்கப்புறம் பதில் வராம யாருக்கும் கொடுக்கறதில்ல."

"எனக்குமா பெர்னி?"

"உங்களுக்குக் கொடுத்தா, அடுத்தவன்கிட்ட என்னன்னு சொல்லுவேன்?"

'உனக்குக் கூட்டல் சொல்லிக் கொடுத்தது யார்' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன். யாருக்கும் சலுகை கிடையாது என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவளும் நான்தானே. நன்றாகத்தான் படித்திருக்கிறான், பாவி.

ஆனால் தேவதாரு மூலை? பதினைந்துக்குள் பதில் வராவிட்டால் அங்கே வெஸ் உட்காருவான், நான் உருளைக்கிழங்கு உரிப்பேன். வெஸ் ஓன்னியின் மைத்துனன், டெட்ராய்ட் பக்கத்திலிருந்து வருகிறவன், மானைவிடச் சத்தமாகக் குறட்டை விடுகிறவன். என் இடத்தில் அவனா?

நவம்பர் 12, செவ்வாய்

இன்று நடந்ததைப் பொறுமையாக எழுத வேண்டும். சிரிப்பில் பேனா வழுக்குகிறது.

ஓன்னிக்கு இளவேனிலில் தோள் அறுவை சிகிச்சை நடந்தது. பழைய துப்பாக்கி இடிக்கிறதாம். காவல் அலுவலகத்தில் உரிமம் வாங்கிக்கொண்டு, பழையதை பெர்னியிடம் கொடுத்து, மேல் பணம் போட்டு இலேசான புதியது ஒன்றுக்குப் பேசி முடித்தான். நான் பதில் கேட்கப் போயிருந்தேன். (வரவில்லை.) விண்ணப்பத்தின் மேல் குனிந்திருந்தவனிடம் சொன்னேன்: "அந்த எண்ணை மறக்காம எழுது."

"வாஷிங்டன்காரனுக்கு நான் எதுக்கு எண் கொடுக்கணும்? ஆயுசு பூராவும் வாங்கறேன், ஒரு நிமிஷத்துக்கு மேல ஆனதில்ல."

"ஓன்னி, நீயும் மாக்கி."

"நான் யோக்கியமான மாக்கி."

அவன் சான்றிதழ்ப் பெயர் ஓன்னிகூட இல்லை. ஜான். ஜான் மாக்கி! எங்கள் பக்கத்துக் கல்லறைகளில் பாதிப் பேருக்கு அதே பெயர்தான்.

பெர்னி பொத்தானை அழுத்தினான். திரையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். உதட்டைக் கடித்துக்கொண்டான்.

"தாமதம்."

ஓன்னி பெருந்தன்மையாகக் கையை வீசினான். "சரி, என் பழசைக் குடு. இந்த வருஷம் அதை வெச்சு ஓட்டிக்கறேன்."

"அது இப்போ கடைச் சரக்கு, ஓன்னி. கணக்குல ஏறிடுச்சு. திரும்ப எடுக்கவும் இதே பரிசோதனைதான்."

கையில் வேறு துப்பாக்கி கிடையாது அவனிடம். ஒன்று போதும் என்கிற சிக்கனக்காரன். நான் வெளியே ஓடிப் போய் பனியில் நின்று, யாரும் கேட்காத தூரத்தில் சிரித்தேன்.

நவம்பர் 13

எனக்கும் இல்லை, அவனுக்கும் இல்லை. கேம்பில் இரண்டு சமையல்காரர், ஒரு வேட்டைக்காரன்.

நவம்பர் 14, வியாழன்

மத்தியானம் தொலைபேசி. "டீச்சர்? பெர்னி. கொடுக்கலாம்னு வந்துடுச்சு."

செருப்போடு பனியில் ஓடிவிட்டேன். டைமி பூட்ஸைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தாள். யார் அந்தக் குற்றவாளி சில்வியா? எவருக்கும் தெரியாது. கடைசிவரை சொல்ல மாட்டார்கள். எங்கிருந்தாலும் நன்றாயிரு அம்மா, உன் புகழில் நான் பத்து நாள் வாழ்ந்தேன்.

நவம்பர் 15, வெள்ளி. கேம்ப்

விடியுமுன் எழுந்தேன். அடுப்படியில் ஓன்னி, இர்யாவின் பூப்போட்ட ஏப்ரனில். வெஸ் ஒரு வாய் குடித்தான்.

"மச்சான், இது காபியா, பாத்திரம் கழுவின தண்ணியா?"

"குடிச்சுட்டுக் கெளம்பு."

"முட்டை?"

"கோழிகிட்ட கேளு."

மற்ற வேட்டைக்காரர் மானென்று சுட்டுவிடாதிருக்க ஆரஞ்சுச் சட்டையை மாட்டினேன். வாசல்வரை வந்த ஓன்னி என் பையில் ஒரு பேஸ்ட்டியைத் திணித்தான். கறியும் கிழங்கும் வைத்த அந்த அப்பத்தை அவனே சுட்டிருந்தான், ஒரு பக்கம் கருகல். "காத்து மேற்கேயிருந்து அடிக்குது. இருமாதே" என்றான். அப்புறம், தரையைப் பார்த்தபடி, "இர்யா ஒரு தடவை கேட்டிருக்கா, அந்த மூலையில உட்காரணும்னு. நான் சிரிச்சுட்டேன்."

அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனேன். வலிக்காத தோளை.

மூலையில் முதலில் இருட்டு. பிறகு மரங்கள் ஒவ்வொன்றாகத் தங்கள் பெயரைச் சொல்லி எழுந்து நின்றன, வருகைப்பதிவு எடுப்பது போல. எட்டரைக்கு அவன் வந்தான். சின்னக் கொம்பு, தடித்த கழுத்து. என் இதயம் அடித்ததில் ஓடிவிடுவானோ என்று பயந்தேன். மூச்சை விட்டேன். பாதியில் நிறுத்தினேன். அழுத்தினேன்.

பத்தடி ஓடிப் படுத்துவிட்டான். பக்கத்தில் போய் நின்று நன்றி சொன்னேன், சத்தமாக. அழுகையும் சிரிப்பும் ஒன்றாகவே வந்தன. எது எது என்று பிரிக்கவில்லை.

இழுக்கக் கயிற்றோடு வந்தது ஓன்னி. ஆரஞ்சுச் சட்டைக்குக் கீழே ஏப்ரன் தொங்கியது. மானைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "மார்பிலேயே..." என்றான். கயிற்றைக் கொம்பில் கட்டத் தொடங்கினான்.

நவம்பர் 18, திங்கள். கேம்ப்

வெஸ் இன்னும் ஒன்றும் சுடவில்லை. குறட்டை காடு முழுக்கக் கேட்கிறதோ என்னவோ.

மாலை பெர்னி அழைத்தான். ஓன்னி கை முழுக்க மாவு, ஆகவே நான் எடுத்தேன். ஜான் மாக்கி யோக்கியன்தான் என்று அரசாங்கம் ஒப்புக்கொண்டதாம். கடை இன்னும் ஒரு மணி நேரம் திறந்திருக்கும், வந்தால் எடுத்துக்கொள்ளலாம். சொன்னேன்.

ஓன்னி பானையின் மூடியைத் தூக்கி மோந்து பார்த்தான். "இப்பவா? இப்போ எப்படி வர்றது? மான்கறி ஸ்டூ பாதி வெந்துட்டு இருக்கு. நாளான்னைக்கு வர்றேன்னு சொல்லு."

இரண்டு தட்டு சாப்பிட்டேன். எப்படிச் செய்தான் என்று கேட்டதற்கு, மூன்று நாளில் தானாகக் கண்டுபிடித்ததாகப் பெருமையோடு சொன்னான். இதைப் படிக்கிறவர் யாராயிருந்தாலும் ஒரு முறை செய்து பாருங்கள்: மான்கறியோ எந்தக் கறியோ, துண்டுகளைத் துணியால் ஒற்றி நன்றாக ஈரம் போக்கி, சூடான சட்டியில் கொஞ்சங் கொஞ்சமாகப் போட்டு, அடிப்பக்கம் சிவந்து தானாகச் சட்டியிலிருந்து விடுபடும்வரை கிளறாமல் விடுங்கள்.