இருதயம் நீங்கலாக

3 மார்ச் 2025, திங்கள்

மதிய உணவு நேரத்தில் மூன்று இன்சூரன்ஸ் கம்பெனிகளின் தாள்களையும் ஆபீஸ் மேசையில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்கு ஐம்பத்தேழு, மூன்றுமே என்னைச் சேர்த்துக்கொள்ளும். என் வீட்டுக்காரர் வில்லியமுக்கு அறுபத்தொன்று. முதல் கம்பெனி அறுபதோடு கதவைச் சாத்திவிடுகிறது. இரண்டாவது அறுபத்தைந்து வரை எடுக்கும், ஆனால் உடம்பைப் பற்றி இரண்டு பக்கம் கேள்வி. மூன்றாவது வயதானவர்களுக்கென்றே போட்ட திட்டம், எழுபது வரை. ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு மட்டும் தராது.

இங்கே இன்சூரன்ஸில் ஒரு மெடிக்கல் கார்டு கிடைத்தால் சிங்கப்பூர் வேலையை விட்டு வந்துவிடுவார். அவரே சொன்னது. பதினான்கு வருஷமாகக் கப்பல் பட்டறையில் இருக்கிறார். மூன்று வருஷத்துக்கு முன் இருதயத்தில் ஸ்டென்ட் வைத்தபோது கம்பெனி கார்டுதான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டது. அன்றிலிருந்து ஒரே பேச்சு: "இந்தக் கார்டை விட்டுட்டு எப்படி லா வர்றது?" ஜூன் முப்பதில் ஒப்பந்தம் முடிகிறது. அதற்குள் நான் ஒன்றைத் தேட வேண்டும்.

7 மார்ச்

வீடியோவில் பேசினோம். நின்றுகொண்டே ரொட்டி தின்றார். உட்காருங்களேன் என்றேன். நாற்காலியில் துணி காய்கிறதாம்.

15 மார்ச், சனி

இரண்டாவது கம்பெனியின் படிவத்தை நானே நிரப்பினேன். 'இருதய நோய் உண்டா?' பேனா அந்தக் கட்டத்தின் மேலேயே நின்றது. பிறகு 'இல்லை' என்று டிக் போட்டேன். அவ்வளவு சுலபமாக வந்துவிட்டது. அதுதான் பயமாக இருக்கிறது.

16 மார்ச், ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்ததும் படிவத்தை நட்டாலியிடம் கொடுத்தேன். எங்கள் கோயில் பெண், இன்சூரன்ஸ் ஏஜென்ட். நின்ற இடத்திலேயே படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஆன்ட்டி, அங்கிளுக்காக நாம எல்லாரும் இங்கதானே முட்டி போட்டு ஜெபம் பண்ணோம்?"

முகம் எரிந்தது எனக்கு.

"கிளெய்ம் போடும்போது பழைய ரிப்போர்ட் எல்லாம் கேப்பாங்க. ஒண்ணு மறைச்சாலும் கார்டே செல்லாம போயிரும் லா. வேலையும் விட்டு, கார்டும் இல்லாம அங்கிள் நிப்பாரு."

கைப்பையிலிருந்து புதுப் படிவம் எடுத்துக் கொடுத்தாள். 'உண்டு' என்று எழுதினேன். மூன்றாவது கம்பெனிக்கும் சேர்த்தே.

4 ஏப்ரல்

இரண்டு பதிலும் வந்துவிட்டன. இரண்டாவது கம்பெனி முடியாது என்றுவிட்டது. மூன்றாவது சேர்த்துக்கொள்கிறது – இருதயமும் அது சம்பந்தப்பட்டதும் நீங்கலாக. காலை முறித்துக்கொண்டால் தருவார்கள். கல்லீரலுக்குத் தருவார்கள்.

சொன்னேன். வில்லியம் போனில் கேட்டார்: "அப்புறம் என்னத்துக்கு லா அந்தக் கார்டு? இன்னும் ரெண்டு வருஷம் சைன் பண்ணிடறேன். ரெண்டு வருஷம்தானே லீனா."

20 ஏப்ரல், ஈஸ்டர்

நேற்று விடியலில் வில்லியம் வந்தார். லிப்ட் வேலை செய்யவில்லை. மூன்றாவது மாடியில் நின்று, ஷூ கயிறு கட்டுவதுபோல் குனிந்தார். கயிறு கட்டியேதான் இருந்தது. நான் பார்க்காததுபோல் முன்னால் ஏறினேன்.

21 ஏப்ரல்

சுங்கை நிபோங் பஸ் நிலையத்தில் அவரைச் சிங்கப்பூர் பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். அவர் துண்டு இன்னும் ஈரமாக இருக்கிறது. எடுத்துக் காயப்போட மனசு வரல. ஏன் இப்படி இருக்கேன்? பதினாலு வருஷத்துல பழகியிருக்க வேணாமா? பழகல. பழகவே இல்ல.

9 மே, வெள்ளி

லீவு போட்டுவிட்டு அரசாங்க மருத்துவமனையின் இருதய கிளினிக்குக்குப் போனேன். நோய் எனக்கில்லை. எவ்வளவு நேரம் ஆகிறது என்று சும்மா உட்கார்ந்து பார்க்க வேண்டும்போல் இருந்தது. ஏழரைக்கே நாற்காலியெல்லாம் நிறைந்துவிட்டது.

பக்கத்தில் மஹ்பூபா என்று ஒரு அம்மா, கணவர் ஜாஹிரோடு. ஏழு வருஷமாக வருகிறார்களாம்.

"காலையில வந்தா மத்தியானம் ஆயிரும். அஞ்சு வெள்ளி காசுதான் ஃபீஸ் கட்டறோம், அதனால காத்திருக்கணும் லா. ஆனா ஒரு தடவையும் பாக்காம அனுப்புனதில்ல."

"இவ்வளவு நேரம் அலுப்பா இல்லையா?"

"ரெண்டு பேரா இருந்தா என்ன அலுப்பு?"

ஜாஹிர் ஆரஞ்சுப் பழத்தை உரித்து, கொட்டை எடுத்து, ஒவ்வொரு சுளையாக மனைவியிடம் நீட்டிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஒருத்தியைப் பார்த்து நான் பொறாமைப்பட்டேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் உண்மை.

அவர்கள் பெயரைக் கூப்பிட்டபோது மணி பன்னிரண்டரை.

11 மே, ஞாயிறு

வில்லியமிடம் எல்லாம் சொன்னேன். மூன்றாவது கம்பெனி கார்டை எடுப்போம், இருதயத்துக்கு அந்த அரசாங்க ஆஸ்பத்திரி வரிசையில் உட்காருவோம் என்றேன்.

"மூளை இருக்கா உனக்கு? திடீர்னு ஏதாச்சும் ஆனா?"

"ஆனா நான் இருப்பேன். போன தடவை யாருங்க இருந்தா? ரெண்டு நாள் கழிச்சு உங்க ரூம்காரர் போன் பண்ணித்தானே எனக்கே தெரியும்!"

குரல் உயர்ந்துவிட்டது. அவர் கோபப்படவில்லை. "யோசிக்கிறேன்" என்று வைத்துவிட்டார்.

3 ஜூன்

யோசிக்கிறார். நான் கேட்கவில்லை.

30 ஜூன், திங்கள்

நாள் முழுக்க போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஏழு மணிக்குக் கூப்பிட்டார்.

"சைன் பண்ணிட்டேன்."

இன்னும் ரெண்டு வருஷமா என்றேன்.

"செப்டம்பர் வரைக்கும்தான். புது ஆளுக்கு வேலை சொல்லிக் குடுக்கணும் லா. அழறியா?"

இல்லை என்றேன்.

26 ஜூலை

செயின்ட் ஆன் திருவிழா. புக்கிட் மெர்தாஜாம் சர்ச்சுக்கு இந்த முறையும் தனியாகத்தான். கூட்டத்தில் பின்னாலிருந்து பார்க்க வில்லியம்போலவே ஒருவர். கொஞ்ச தூரம் அவர் பின்னாலேயே நடந்தேன்.

14 அக்டோபர் 2025, செவ்வாய்

வில்லியம் சிங்கப்பூரை விட்டு வந்து இரண்டு வாரம். இன்றைய குறிப்பின் முதல் பாதியை இருதய கிளினிக்கில் உட்கார்ந்துதான் எழுதினேன். நாற்காலி சரியில்லை, ஏர்கான் குளிர், காப்பியில் சீனி அதிகம் என்று காலையிலிருந்து குறை சொல்லிக்கொண்டே இருந்தார் வில்லியம். பத்து மணிக்கு மேல் என் தோளில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டார். வலது கை மரத்துப் போனது. அசைக்கவில்லை.

ஒன்றரைக்கு டாக்டர் பார்த்தார். ஒரு மாத்திரையை மாற்றினார். ஜனவரி பதிமூன்றுக்கு அடுத்த தேதி போட்டுக் கொடுத்தார்கள். சீட்டை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே சொன்னார்:

"அன்னைக்கும் லீவு போட்டுடு."