ஆதரவுப் பட்டியலில் அறுபத்திரண்டாம் பெயர்

மதிப்புக்குரிய மச்சானுக்கு,

நானும் குழந்தையும் இருக்கிறோம். அவளுக்குக் கீழே இரண்டு பல் முளைத்திருக்கிறது. அக்காவுக்கு முதுகுவலி தேவலையா?

போன மாதம் நீங்கள் வேலை பார்க்கும் சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்திலிருந்து உங்கள் தங்கை பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. வீடுகளுக்கு இன்னும் பக்கத்தில் சுரங்க வெடி வைக்க அனுமதிக்கும் புதிய விதியை அவள் ஆதரித்ததற்கு நன்றியாம். தபால்காரர் ஊருக்குப் புதியவர். "அம்மாவைக் கூப்பிடுங்க சார், கையெழுத்து வேணும்" என்றார். அவள் போய் நான்கு மாதம் என்று சொல்ல வாய் வரவில்லை. நானே போட்டேன்.

உங்கள் அலுவலகத்துக்கு அவள் எழுதிய கடிதத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். சமையலறைச் சுவரில் விரிசல் முதல் மாதம் இரண்டு மில்லிமீட்டர், மூன்றாம் மாதம் ஏழு. அந்த விதி கூடவே கூடாது என்று முடித்திருந்தாள். நீங்கள் வந்திருந்தபோது உங்கள் கையில் கொடுத்தாள். தபாலில் போட்டுவிடேன் என்று நான் சொன்னதற்கு, "அண்ணன் கொடுத்தா தூக்கிப் போட மாட்டாங்க" என்றாள். சுரங்கத்தில் வெடி அதிர்வை அளப்பது என் வேலை; என் கருவியில் அதிர்வு அனுமதித்த அளவுக்குள்தான் இருந்தது. பயப்படாதே என்று நான்தான் சொன்னேன். கடிதம் கொடுத்த பதினோராம் நாள் சுவர் அவள் மேல் விழுந்தது.

விதியை ஆதரித்தவர்களின் பட்டியலைத் தகவல் உரிமை மனுப் போட்டு வாங்கினேன். அறுபத்திரண்டாவது அவள் பெயர். பதிந்த தேதி, அவளை எடுத்த மறுவாரம். பதிந்தவர் இடத்தில் உங்கள் கையெழுத்து.

கை தவறியிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் மச்சான், அவளைக் கிடத்தியிருந்தபோது என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "மாப்ள, அந்த லெட்டருக்கு நகல் ஏதும் வச்சிருக்கீங்களா?" என்று கேட்டீர்கள். இல்லை என்றதும் தோளைத் தட்டிக்கொடுத்தீர்கள். அதை ஆறுதல் என்று எடுத்துக்கொண்டேன்.

நகல் இருக்கிறது. குழந்தையின் தடுப்பூசி அட்டைக்குள் மடித்து வைத்திருந்தாள். போன வாரம் ஊசி போடப் போனபோதுதான் கிடைத்தது.

வியாழக்கிழமை சட்டமன்றக் குழு கூடி விதியை முடிவு செய்கிறது. அசலை நீங்களே அவர்கள் முன் வையுங்கள். என் அளவீடுகளோடு நானும் வருகிறேன். அளவுக்குள் இருந்தும் சுவர் விழுந்தது என்று என் வாயால் சொல்கிறேன். யாராவது மிரட்டினார்களா? அதையாவது சொல்லுங்கள், நம்புகிறேன். புதன் மாலைவரை உங்கள் போனுக்குக் காத்திருப்பேன். அதற்குப் பிறகு நகல் குழுவுக்குப் போய்விடும்.

என் பேச்சில்கூட அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. உங்களிடம்தான் கொடுத்தாள். நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

உங்கள் மாப்பிள்ளை