ஐம்பது ரூபாய்ப் பித்தளை

16 நவம்பர் 2016, புதன்
பழைய ஐந்நூறு, ஆயிரம் செல்லாமல் போய் எட்டு நாள். சனிக்கிழமைச் சம்பளம் போட எங்கள் பூட்டுக் கம்பெனி முதலாளியிடம் சில்லறை இல்லை. மிச்சப் பித்தளைத் தகட்டில் டோக்கன் அடித்துத் தரப்போகிறாராம். ஒன்று ஐம்பது ரூபாய். வாங்கிய கடைக்காரர் பிறகு கம்பெனியில் கொடுத்துக் காசாக்கிக்கொள்ளலாம். அடிப்பது என் வீட்டுக்காரர் ஆண்டனிராஜ். எண்ணிப் பதிவேட்டில் எழுதுவது நான். சரி, எந்தக் கடைக்காரன் வாங்குவான் இதை?

17 வியாழன்
மளிகைக்கடை முத்துக்கிருஷ்ணன் அண்ணன் ஒத்துக்கொண்டார். "கம்பெனிய நம்பி இல்லம்மா. ஒன் மூஞ்சிக்காகத்தான் வாங்குறேன்."

19 சனி
நானூறு டோக்கன் கொடுத்தாயிற்று.

23 புதன்
வீட்டில் பால், முட்டை, பிள்ளைக்கு பிஸ்கட். ஏது என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். "சில்லறை கெடைச்சுச்சு" என்றார். எங்கே? ஊரே பேங்க் வாசலில் நிற்கிறது.

29 செவ்வாய்
முத்துக்கிருஷ்ணன் அண்ணன் டோக்கன் பையோடு கம்பெனிக்கு வந்தார். மூன்று தடவை எண்ணினேன். நானூற்று நாற்பது.

"போலி எதுன்னு பிரிச்சு வை. அதுக்குக் காசு கிடையாது" என்றார் முதலாளி. அண்ணன் என்னையே பார்த்தார். நாளைக்குச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

பிரிக்க என்ன இருக்கிறது? நாங்கள் கொடுத்ததெல்லாம் அவசரத்தில் வெட்டியது, விளிம்பு கையைக் கிழிக்கும். நாற்பது மட்டும் அரம் போட்டு வழவழவென்று இருக்கிறது. விளிம்பைத் தேய்க்காமல் ஒரு பூட்டைக்கூட வெளியே விடாத ஆள் அங்கே ஒருத்தர்தான். களவாணி வேலையிலயும் சுத்தம் பாத்திருக்கு இந்த மனுசன்!

கேட்டேன். அவர் பைபிளுக்குள்ளிருந்து புது ரெண்டாயிரம் நோட்டை எடுத்து வைத்தார். "இத மாத்தித் தர ஊருல ஒருத்தனும் இல்ல. இதுக்கு ஈடா நாப்பது டோக்கன் அடிச்சு நானே மாத்திக்கிட்டேன். திருடல, செல்வி."

மாத்திக்கிட்டாராம். என் மூஞ்சிய நம்புன ஆளுக்கு நான் என்ன பதில் சொல்ல? உண்மையச் சொன்னா இவரு வேலை போகும். இவரு சம்பளம் இல்லாம எப்படிக் குடும்பம் நடத்த?

30 புதன்
நோட்டை முதலாளி மேசையில் வைத்தேன். "கூட நாப்பது நான்தான் எடுத்துக்கிட்டேன் சார். எழுத மறந்துட்டேன்."

அண்ணன் பக்கத்திலேயே நின்றார். அவருக்கு முழுத் தொகைக்கும் செக் கிடைத்தது. என்னிடமிருந்து டோக்கன் அலமாரிச் சாவியை வாங்கிக்கொண்டார் முதலாளி.

2 டிசம்பர், வெள்ளி
இன்று என் வீட்டுக்காரர் மட்டும் வேலைக்குப் போனார். சாயங்காலம் முத்துக்கிருஷ்ணன் அண்ணன் கடையில் அரைக்கிலோ சீனி கேட்டேன். தராசைத் தொடாமல், "மொதல்ல காச எடும்மா" என்றார். நூறு ரூபாயை நீட்டினேன். வாங்கி, விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.