நான்காவது கோபுரம்

22.08.1989, செவ்வாய். லா ஷப்பல்.

பயம் கொஞ்சம், மிச்சமெல்லாம் சந்தோஷம்.

இன்றும் உவாஸ் ஆற்றங்கரைக் கோட்டையில் புல் வெட்டினோம். மழையில்லாமல் புல் வெளுத்திருந்தது. ஆற்றுப் பக்கம் ஓரிடத்தில் மட்டும் வட்டமாகக் கருகியிருந்தது. ஊரில் எங்கள் தோட்டத்திலும் மண்ணுக்கடியில் கல் மேலாக இருக்கும் இடத்தில்தான் வெங்காயம் முதலில் வாடும். இங்கேயும் கீழே கல், அதுவும் வட்டமாக. வாசலில் மாட்டியிருக்கும் பழைய வரைபடத்தில் நான்கு கோபுரங்கள். இப்போது நிற்பவை மூன்று.

"போய்ச் சொல்லப்போறன்" என்றேன்.

"பேசாமல் வெட்டடா. வந்தது புல்லு வெட்டவோ, கோட்டை ஆராயவோ?" என்றார் சிவம் அண்ணை. எனக்கு விசா இல்லை. ரவி என்பவனின் விசாக் கார்ட்டை என்னுடையதாகக் காட்டி வேலை எடுத்துத் தந்தவர் அவர். பிடிபட்டால் இருவருக்கும் வேலை போகும்.

ஆனாலும் சொன்னேன். கோட்டைப் பொறுப்பாளர் சிரித்தபடி வந்து இரும்புக் கம்பியை மண்ணில் இறக்கினார். ஒரு சாண் ஆழத்தில் டக்கென்று நின்றது. வட்டம் முழுக்க அதே சத்தம். அவர் சிரிப்பை விட்டுவிட்டு முழங்காலில் உட்கார்ந்தார்.

பிறகு, கண்டுபிடித்தவனைக் குறிப்பில் எழுத வேண்டும் என்று பெயர் கேட்டார். ரவி என்று சொல்லியிருக்க வேண்டும். என் பெயரைச் சொன்னேன். எழுத்தெழுத்தாகச் சொன்னேன்.

ரயிலில் திரும்பி, கார் து நோர் ஸ்டேஷனில் இறங்கியபின் அண்ணை கேட்டார்:

"அவன் உன்ரை பேரைச் சரியா எழுதினவனோ?"

"ஓம் அண்ணை."

"அப்ப நாளைக்கு வெள்ளன எழும்பு. அவங்கள் தோண்டேக்கை நாங்கள் அங்கை நிக்க வேணும்."